கல்லுமலைத் தோட்டத்துக் குளிர்காலம்

அன்று காலை அந்த வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார், என் அத்தான் கனகலிங்கம்; அவருடைய மனைவியும் என் மூத்த சகோதரியுமான சரோஜினி; லாரி டிரைவர் காளிமுத்துவின் மனைவி மாரியம்மா; நான். மலாக்கா டவுனில் பள்ளி ஆசிரியனாக இருந்த எனக்கு அப்போது இருபத்தேழு வயது. டிசம்பர் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். ஐந்தாவது ஆள் அங்கே இல்லை. தாங்களும் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டதாகப் பின்னாளில் சொன்னவர்களை நான் அறிவேன். அவர்கள் நிற்கவில்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றிய ஒரு செய்தியை நின்று பார்க்காதவர்கள் சொல்லிக்கொண்டு திரிவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்று, டிசம்பர் மாதம், வியாழக்கிழமை. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை அடக்க வந்த அவசர காலத்தின் நான்காம் ஆண்டு. பாயா ரும்புட்டுக்கும் சுங்கை ஊடாங்குக்கும் இடையில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்துக்குப் பலகையில் ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. நம் ஜனங்கள் கல்லுமலை என்றே சொன்னார்கள். தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டாகிவிட்டது. காலை ஆறு மணிக்குக் கேட் திறக்கும். மாலை ஆறு மணிக்குள் எல்லோரும் உள்ளே வந்துவிட வேண்டும். பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது. அந்தச் சோறு காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் என்று அரசாங்கத்துக்குப் பயம். கேட்டில் நின்றவர்கள் பெண்களின் பால்வாளியைக் கவிழ்த்துப் பார்த்தே வெளியே விட்டார்கள். கடையில் பால் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே ஆணியால் இரண்டு துளை போட்டுத்தான் கையில் கொடுப்பார். வீட்டுக்கு வருவதற்குள் பாதி வழியெல்லாம் ஒழுகி, எறும்பு பின்னால் வரும்.

மழை இரண்டு நாளாக விட்டிருந்தது. ரப்பர் இலைகள் ஈரத்தில் கிடந்து புளித்த வாசம் வீடு வரைக்கும் வந்தது. காலை உணவுக்கு அக்கா மரவள்ளிக்கிழங்கு மாவு கலந்து இடியப்பம் அவித்திருந்தாள். அரிசி மாவு மட்டும் போட்டு அவிக்கும் அளவுக்குப் பங்கீட்டு அரிசி காணாது. தேங்காய்ப்பால் சொதிக்குக் குறைவில்லை. தேங்காய் மரத்தில் இருந்தது. அதற்கு இன்னும் சீட்டு வரவில்லை.

மாரியம்மா பின்வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பது இருக்கும். வெட்டை நடுவில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கையில் உளி அப்படியே இருந்தது. முழங்கை வரை ரப்பர் பால் காய்ந்து தோல் போல ஒட்டியிருந்தது.

“கிராணியம்மா, அவரப் புடிச்சு வச்சிட்டாங்கம்மா.”

“ஆரை? காளிமுத்துவையோ?”

“ஆமாம்மா. நேத்து சாயங்காலம், பாயா ரும்புட் ரோட்பிளாக்குல. லாரிய ஓரங்கட்டி நிக்க வச்சிட்டு ஆள டவுனுக்குக் கொண்டு போயிட்டாங்களாம். நா பெட்ரோல் தீந்து போச்சு, எங்கயோ படுத்துக் கெடக்கறாருன்னு நெனச்சேன். இப்பதான் கேட்டுல சொல்றாங்க.”

“என்னத்துக்குப் பிடிச்சவங்கள்?”

“ஐஸுக்கும்மா.”

“என்னது?”

“ஐஸும்மா. சாக்குல சுத்தி மரத்தூளுக்குள்ள வச்சு ஒரு கட்டி ஐஸு. சாமான் லிஸ்டுல அது இல்லியாம். யாருக்குன்னு கேட்டா, எனக்குத்தான், குடிக்கங்கறாராம். அவ்வளவு ஐஸ எந்த மனுசன் குடிப்பான்? இந்தாளு பச்சத் தண்ணியே குடிக்க மாட்டாரு, கள்ளுக்கட மூடிக் கெடந்தாதான் தண்ணி ஞாபகம் வரும்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்த வாயோடு அழுதாள்.

அதற்கு முந்திய வாரம் தோட்டத்துக்கு வடக்கே காட்டில் ஒரு முகாமைப் பட்டாளம் பிடித்திருந்தது. மருந்துப் புட்டிகள் கிடைத்தன என்றும், மரத்தூள் நிரப்பிய பெட்டியில் ஐஸ் வைத்து அவற்றைக் கெடாமல் காத்திருந்தார்கள் என்றும் டவுன் முழுவதும் பேச்சு. அப்படிப்பட்ட நேரத்தில், காட்டோரத் தோட்டத்துக்கு ஒருவன் சீட்டில்லாமல் ஐஸ் கொண்டு போகிறான். யாருக்கு என்றும் சொல்ல மறுக்கிறான். விசாரணை இல்லாமலே இரண்டு வருஷம் உள்ளே வைக்கச் சட்டம் இருந்தது. இந்தியாவில் பிறந்தவன் என்றால் கப்பலேற்றி விடவும் செய்வார்கள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மழைத்தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தேன். தொட்டிக்கு மறுபுறம், ஓலைத் தட்டிக்குப் பின்னால், அத்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். காலையில் அந்த நேரத்தில் அவர் எங்கே நிற்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கமீலியாச் செடியின் இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு நிற்பார்.

அந்தச் செடியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

கமீலியா குளிர்தேசத்துச் செடி. தேயிலைக்கு உறவு. ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காது. மற்ற மரங்களெல்லாம் மொட்டையாக நிற்கும் பனிக்காலத்தில் அது பூக்கும். பழைய துரையின் மனைவி மிசிஸ் ஹார்லோ கேமரன் மலையிலிருந்து ஒரு கிளையைக் கொண்டுவந்து பங்களாவில் வேர் பிடிக்க வைத்தாள். மூன்று வருஷம் வளர்ந்தும் அது பூக்கவில்லை. நாற்பத்தொன்பதில் அவர்கள் சீமைக்குத் திரும்பியபோது, புதிய துரைக்குச் செடிகொடியில் அக்கறை இல்லை என்று, பாதி பீப்பாயில் இருந்த அந்தச் செடியை அத்தானிடம் ஒப்படைத்தாள். கூடவே டைப் அடித்த ஒரு தாளையும் கொடுத்தாள்.

“பூத்தால் எனக்கு எழுதுங்கள்” என்றாள்.

அத்தான் “யெஸ், மேடம்” என்றார்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் முப்பது வருஷ உத்தியோகத்தில் அத்தான் யெஸ் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்ட காரியம் ஒன்றுமில்லை. அந்தத் தாளை அரசாங்கச் சுற்றறிக்கைகளை வைப்பது போல அட்டையில் ஒட்டி, தொட்டிப் பக்கத்துச் சுவரில் ஆணியில் மாட்டினார். சுண்ணாம்பு படக் கூடாது என்று அதில் இருந்தது. அந்தப் பக்கச் சுவருக்கு வெள்ளையடிப்பது நின்றது. குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத்தண்ணீர்தான் வேண்டும் என்று இருந்தது. தகரக் கூரையின் பீலியிலிருந்து தனியாக ஒரு தொட்டி கட்டினார். பழைய ரப்பர் மரங்களின் அடியில் மக்கிக் கிடந்த இலைமண்ணைத் தாமே சலித்துப் போட்டார். வீட்டில் குடித்த தேயிலைச் சக்கையெல்லாம் அதன் அடிக்குப் போனது. செதிள்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து இலையின் அடிப்புறத்தை ஒவ்வொன்றாகத் துடைப்பார். ஒரு கொப்பில் நாலு மொட்டு வந்தால் ஒன்றை வைத்துவிட்டு மற்றதைத் திருகி எடுப்பார். அந்த வேலையைச் செய்யும்போது மூச்சைக் கூட அடக்கிக்கொள்வார். மொட்டு வைத்த பிறகு பீப்பாயை அசைக்கவோ திருப்பவோ கூடாது என்று தாளில் அடிக்கோடு போட்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் துணி உலர்த்துவதை நிறுத்தினாள்.

தாளில் நவம்பரில் குளிர்காலம் தொடங்கும் என்றும், செடிக்கு அந்தக் குளிர் அவசியம் என்றும் இருந்தது. அது இங்கிலாந்து நவம்பர் என்று அத்தானுக்குத் தெரியாமலா? அவர் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவர். ஆனால் எழுத்தில் வந்த ஒன்றை இந்த ஊரில் முடியாது என்று திருப்பி அனுப்பிப் பழக்கமில்லாதவர். முதல் வருஷம் மொட்டு வைத்து, பட்டாணி அளவில் எல்லாம் உதிர்ந்தது. சீமையிலிருந்து கடிதம் வந்தது. “இந்த ஆண்டு பூக்கவில்லை, மேடம்” என்று பதில் எழுதினார். இரண்டாம் வருஷமும் அதே வாக்கியத்தை எழுத வேண்டி வந்தது. எழுதிவிட்டு அன்று சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

மூன்றாம் வருஷம் நவம்பர் முதல் தேதி, கல்லுமலைத் தோட்டத்தில் குளிர்காலம் தொடங்கியது.

டவுனுக்கு ரப்பர் ஷீட் ஏற்றிப் போகும் லாரி திரும்பி வரும்போது வாரம் மூன்று தடவை ஒரு கட்டி ஐஸ் வரும். அதை உடைத்து, சாக்கில் கட்டி, பீப்பாயைச் சுற்றி வைத்து, மேலே மரத்தூள் போட்டு மூடுவார்கள். காளிமுத்துதான் உடைத்துக் கொடுப்பான். கறுத்து, நெடுநெடுவென்று, எதற்கும் ஒரு சொல் வைத்திருப்பவன்.

“ஐயா, ஒரு கம்பளி வாங்கிட்டு வரவா? பாவம், நடுங்குது.”

“வாயை மூடிக்கொண்டு உடை.”

“இல்லீங்க, இதுக்கு இவ்வளவு குளிர் காட்டறோமே, ரோசம் வந்து வெள்ளக்காரி மாதிரி இங்கிலீஷ் பேசிடுமோன்னு பயமா இருக்குலா.”

அத்தான் சிரிக்க மாட்டார். ஆனால் காளிமுத்து பேசுவதை நிறுத்தச் சொன்னதும் இல்லை. ஒன்று மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டார்: “இது வெளியில தெரியக் கூடாது. விளங்குதோ?” காளிமுத்து தலையாட்டினான்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. மலாக்காவில் எங்களைப் போன்ற யாழ்ப்பாணத்தவர் வீடுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆஸ்பத்திரி, ரயில்வே, கச்சேரி உத்தியோகத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனை ஒட்டிய பாச்சாங்கில் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வெள்ளைக்காரியின் பூச்செடிக்கு ஐஸ் வைக்கிற கனகலிங்கம் என்று அங்கே ஒரு சொல் விழுந்தால் அது அவர் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிற்கும். அதைவிடத் தவறான விதமாகவும் ஒன்றைச் சொல்லிக் கண்ணடிக்கக் கூடியவர்கள் இருந்தார்கள். ஆகவே தோட்டத்தில் ஓர் ஆணி வெளியே போவதற்கும் உள்ளே வருவதற்கும் சீட்டு எழுதுகிற பெரிய கிராணியார், தம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சாமானைச் சீட்டில்லாமல் வரவழைத்தார். அவர் செய்த பிழை அதுதான்.

அந்த டிசம்பரில் செடியில் நான்கு மொட்டுகள் நின்றன. சுண்டைக்காய் அளவைத் தாண்டி, நெல்லிக்காய் அளவுக்கு வந்திருந்தன. ஒன்றின் நுனியில் நகக்கண் போல இளஞ்சிவப்பு தெரிந்தது.

அத்தான் தட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை. மாரியம்மா அக்காவிடம் பேசிக்கொண்டே இருந்தாள்.

“ஐயா ஒரு வார்த்த சொன்னா விட்ருவாங்கம்மா. பெரிய கிராணி சொன்னா ஸ்டேசன்ல மாத்தா கேப்பாங்க. இந்தாளு நல்லவன், காட்டுக்காரங்களுக்கு ஒன்னும் குடுக்க மாட்டான்னு ஐயா எழுதிக் குடுக்கட்டும். யாருக்கோ வாங்கிட்டு வந்திருக்காரு. யாருன்னு தெரிஞ்சா அவன் வூட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்துவேன். ஒருத்தன் உள்ள கெடக்கறான், அவன் பாட்டுக்குச் சொகமா...”

பேச்சு நின்றது. தட்டியின் அடியிலிருந்து ஐஸ் உருகிய தண்ணீர் ஓடிவந்து அவள் நின்ற சிமிந்தித் தரையை நனைத்துக்கொண்டிருந்தது. அதில் மரத்தூள் மிதந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு ஓலைத் தட்டியைப் பார்த்தாள். நேரே போய் அதை ஒதுக்கினாள். லயத்துப் பெண் ஒருத்தி கிராணியார் வீட்டில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

பீப்பாயையும், சாக்கையும், துணியும் கையுமாக நின்ற அத்தானையும் பார்த்தாள்.

“இதுக்கா?” என்றாள். “இதுக்காங்க ஐயா?”

அத்தான் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“மருந்தா இருக்கும், மீனா இருக்கும்னு நெனச்சேன். பூச்செடி!” அவள் குரலை உயர்த்தவில்லை. “ஒங்க பேரச் சொல்லாம உக்காந்திருக்காருங்க அந்த மனுசன்.”

வாசலில் மண்ணை வாரித் தூற்றவில்லை. உளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பாதி வெட்டில் விட்ட மரங்கள் அவளுக்கு இருந்தன.

அக்கா உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள். அத்தான் வந்து மற்றக் கதிரையில் இருந்தார். நான் நின்றேன்.

“துரையிட்டச் சொல்லி ஒரு கடிதம் வாங்கலாம்” என்றார் அத்தான். “டிரைவர் நம்பிக்கையான ஆள் எண்டு.”

“ஐஸ் ஆருக்கு எண்டு துரை கேப்பார்” என்றாள் அக்கா.

“ஆஸ்பத்திரிக்கு எண்டு சொல்லலாம்.”

“நீங்கள் பொய் சொல்லுவியளோ?”

அவர் கையிலிருந்த ஈரத்துணியை மடித்து மடியில் வைத்தார்.

நான் என் கருத்தைச் சொன்னேன். ஸ்டேஷனில் அந்த வழக்கைப் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஜெயரட்ணம் எங்கள் ஆள். பாச்சாங்கில் எல்லா வீட்டுக்கும் வந்து போகிறவர். அவரிடம் இந்தச் செடிக் கதையைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கச் சிரிக்கும். குடும்பத்தின் பெயரையும் யோசிக்க வேண்டும் என்றேன். நான் சொன்னதை மறைக்கப் போவதில்லை. அப்படித்தான் சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

“தம்பி, அவன்ர மனுசிக்கு ஒரு குடும்பம் இல்லையோ? உங்கட அத்தான்ர பேர் கெடக் கூடாது எண்டு அந்த மனுசன் வாய் திறக்காமல் இருக்கிறான். இஞ்ச இருந்துகொண்டு நீங்கள் ரெண்டு பேரும் பேரைப் பற்றிக் கதைக்கிறியள். ஆற்ற பேர் பெரிசு?” பிறகு அத்தானிடம்: “மூண்டு வருசமாய் நான் இந்த வீட்டில ஒரு துணி உலர்த்தேல்லை. ஒரு சொல் சொன்னனானோ? இண்டைக்குச் சொல்லுறன். எழும்புங்கோ.”

அத்தான் எழுந்தார். வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டார். சுவரிலிருந்து தாளைக் கழற்றினார். பிறகு என்னைப் பார்த்து, “ஒரு கை பிடியும்” என்றார்.

“எதை?”

“பீப்பாயை. சான்று இல்லாமல் வாக்குமூலம் குடுக்கேலாது.”

“மொட்டு?” என்றாள் அக்கா.

அத்தான் குனிந்து சாக்குக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

ரப்பர் பால் ஏற்றும் லாரி ஒன்று டவுனுக்குப் புறப்பட இருந்தது. பீப்பாயைப் பின்னால் ஏற்றி, அத்தான் கோட்டோடு அதன் பக்கத்தில் நின்று, இரண்டு கைகளாலும் தண்டைப் பிடித்துக்கொண்டார். பெரிய கிராணியார் லாரியின் பின்பக்கத்தில் நின்று போவதைப் பால்கொட்டகையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். அந்த நாளில் டவுனுக்குப் போகும் ஜாலான் முழுவதும் குழி. முதல் பாலத்தில் ஒரு மொட்டு விழுந்தது. பாயா ரும்புட் ரோட்பிளாக்கில் லாரியை நிறுத்திச் சோதனை போட்டபோது, ஒரு கான்ஸ்டபிள் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தான். அதில் இரண்டு விழுந்தன. சிவப்பு காட்டிய மொட்டு பாச்சாங் சந்தி வரை நின்றது. விழுந்தவற்றை நான் பொறுக்கினேன். அத்தான், “அது வேண்டாம், எறிஞ்சு விடும்” என்றார்.

இன்ஸ்பெக்டர் ஜெயரட்ணம் பீப்பாயையும் அத்தானையும் பார்த்தார். எழுந்து நின்று மரியாதையாகக் கதிரை போட்டார். தாளை வாங்கி வாசித்தார். பாதி வாசித்ததும் அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது.

“கனகலிங்கம் அண்ணை... கிறிஸ்மஸுக்கு ஸ்னோவும் போடுறியளோ?”

பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மலாய் சார்ஜன்ட் தாளை வாங்கிச் சத்தமாக வாசித்தார். யாரோ செடியைத் தொட்டுப் பார்த்து, கையை உதறி, “அடோய், செஜோக்” என்று குளிரால் நடுங்குவது போல நடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. கதவைப் பார்த்தேன். அத்தான் போட்ட கதிரையில் உட்காரவில்லை. கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டபடி, பெரட்டில் ஆள் கணக்கு எடுக்க நிற்பது போல நின்றார். சிரிப்பு ஓய்ந்த பிறகு பேசினார்.

“எழுதிக்கொள்ளும், இன்ஸ்பெக்டர். ஐஸ் என்னுடையது. கொண்டுவரச் சொன்னது நான். சீட்டு எழுத வேண்டியவனும் நான், எழுதாதவனும் நான். காளிமுத்துவுக்கு இதில ஒரு பிழையும் இல்லை. ஆரிட்டையும் சொல்ல வேண்டாம் எண்டு நான் சொன்னதால அவன் சொல்லேல்லை.”

“இதை எழுதினா உங்கட துரைக்கும் போகும், அண்ணை.”

“போகட்டும்.”

“சும்மா வாயால சொன்னாலும் நான் விட்டிடுவன். எழுத்தில வேண்டாமே?”

“எழுத்தில வேணும்.”

காளிமுத்துவைக் கொண்டுவந்தார்கள். சட்டைப் பொத்தான் இரண்டு இல்லை. ஒரு கண் வீங்கியிருந்தது. அவன் முதலில் பார்த்தது பீப்பாயை.

“ஐயா! இத ஏன் தூக்கிட்டு வந்தீங்க? நா ஒன்னும் சொல்லலீங்களே!”

“தெரியும்.”

“குடிக்கத்தான்னு சொன்னேன். இந்த சார்ஜன்ட் நம்ப மாட்டேன்னுட்டாரு. நம்ம மூஞ்சி அப்படி போலருக்கு.” குனிந்து கிளைகளைத் தடவினான். “மொட்டு எல்லாம் போச்சேங்க. ரெண்டு வாரம் பொறுத்திருந்தா பூத்திருக்கும்லா.”

“நீர் ஏன் சொல்லேல்லை?” என்றார் அத்தான். அதுவரை அவர் காளிமுத்துவை நீ என்றே கூப்பிட்டவர்.

காளிமுத்துவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. “நீங்கதானங்க சொல்ல வேணாம்னீங்க?” என்றான்.

வாக்குமூலம் துரைக்குப் போனது. துரை அத்தானைக் கூப்பிட்டு எழுத்தில் கண்டித்தார். முப்பது வருஷத்தில் அவருடைய கோப்பில் ஏறிய ஒரே கண்டனம் அது. எதிர்பார்த்தபடி அந்த ஞாயிற்றுக்கிழமை பாச்சாங்கில் சிரித்தார்கள். வெகுகாலம் சிரித்தார்கள். அத்தான் அங்கே போவதை நிறுத்தவில்லை. ஐஸை நிறுத்தினார். செடி பிறகும் ஆறு வருஷம் இருந்தது. பச்சைப் பசேலென்று, கறுப்புக் கண்ணாடி போல இலை வைத்தது. மொட்டு வைக்கவில்லை. அக்கா அதன் பக்கத்தில் கொடி கட்டித் துணி உலர்த்தினாள். சீமைக்கு எழுதிய கடிதத்தை நான்தான் தபாலில் போட்டேன்: “இந்த ஆண்டும் பூக்கவில்லை, மேடம். இனி இங்கே பூக்காது என்று தெரிவித்துக்கொள்கிறேன்.”

அந்த வியாழக்கிழமையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நாங்கள் தோட்டத்துக்குத் திரும்பியபோது பிற்பகல் மூன்று மணி. லயத்துக் கேட்டில் மாரியம்மா நின்றாள். காளிமுத்துவின் வீங்கிய கண்ணைப் பார்த்து, “நல்லா வேணும், ஐஸு குடிச்ச மூஞ்சியப் பாரு” என்றாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். காலையில் பேசியது அவளுக்கும் நினைவிருந்தது, அவருக்கும் இருந்தது. பெரட்டுப் புத்தகம் கையில் இல்லாமல் உத்தியோகத்தர் யாரும் லயத்துக்குள் போவது அப்போது வழக்கமில்லை.

“சாப்பிடாம கொள்ளாம போயிருக்கீங்க” என்றாள். “உள்ள வாங்க ஐயா.”

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் வேண்டாம் என்று தலையசைத்திருப்பேன்.

பாச்சாங்கில் எங்கள் உறவினர் சிலர் இன்றும் ஒன்றைச் சொல்லி வருகிறார்கள். கனகலிங்கம் அன்று லயத்துக்குப் போனது உண்மை. ஆனால் வாசலிலேயே நின்று ஒரு குவளைத் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார் என்று. குடும்பத்தின் மரியாதையைக் காப்பதாக நினைத்துச் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. உள்ளே போனார். பாயில் உட்கார்ந்தார். பங்கீட்டு அரிசிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.